வெட்டுத் துண்டிற் பிறந்த சுனாமிகா

மாணவச் செல்வங்களே, உங்கள் சுண்டுவிரலை ஒருமுறை நிமிர்த்திப் பாருங்கள். ஏறத்தாழ அந்த உயரமே உள்ள ஒரு துணிப் பொம்மையைப் பற்றி இக்கட்டுரையில் எழுத முற்படுகின்றேன். அப்பொம்மைக்கு மின்கலம் இல்லை. அது பேசாது, ஆடாது. வட்டமான சிறு முகம், நூலால் தைத்த கண்களும் வாயும், வண்ணத் துணித்துண்டைச் சுற்றிய உடல், அவ்வளவே. அதற்கு விலைச்சீட்டு ஒட்டி யாரும் விற்பனைக்கு வைக்கவில்லை. ஆயினும் தமிழ்நாட்டின் கரையோரத்திலே பிறந்த அப்பொம்மை பல இலட்சமாகப் பெருகி உலகின் பல நாடுகளுக்கும் சென்று சேர்ந்தது. அதன் பெயர் சுனாமிகா.

வடிவமைப்பு என்றதும் நம்மிற் பலருக்கு அழகே நினைவுக்கு வருகின்றது. சேலைக் கரையிலே ஓடும் கொடி, புதிய காரின் முகப்பு, இம்மலரின் அட்டைப்படம் ஆகியவற்றையே நாம் வடிவமைப்பு என்று எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் ஒரு பொருளை எதனாற் செய்வது, அதை யாருடைய கைகள் செய்வது, செய்தபின் மிஞ்சியதை என்ன செய்வது, பழையதான பின்னர் அப்பொருள் எங்கே போய்ச் சேரும் என்பனவும் வடிவமைப்பாளரின் மேசையிலேயே முடிவாகிவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்தப் பகுதியே அறப்பணிக்கும் சுற்றாடலுக்கும் துணை செய்வது, அல்லது கேடு செய்வது. சுனாமிகாவின் கதையை எடுத்துக்கொண்டால் இதனை எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி. நத்தாருக்கு மறுநாள். சுமாத்திராத் தீவுக்கு அப்பாற் கடலடியில் எழுந்த பெரும் நிலநடுக்கத்தால் ஆழிப்பேரலை கிளம்பி, பல நாடுகளிலுமாக இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. இலங்கையில் மட்டும் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். முல்லைத்தீவு, வடமராட்சி கிழக்கு, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை என்று நம்மிற் பலருடைய உறவினர் வாழ்ந்த கரைகள் அழிந்தன. இந்தியாவில் இறந்தோர் 10,000க்கும் மேல். அவர்களிற் பெரும்பாலோர் தமிழ்நாட்டவர். நாகப்பட்டினம் மாவட்டமே மிகப் பெரிய இழப்பைக் கண்டது. அப்போது பிறந்திராத மாணவர்களுக்கு இவை வெறும் எண்கள். உங்கள் பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள். அந்த நாளில் தொலைபேசியின் முன் எத்தனை மணி நேரம் இருந்தார்கள் என்று சொல்வார்கள்.

அடுத்த சில வாரங்களில் நாம் என்ன செய்தோம்? சிட்னியிலும் மெல்பேணிலும் பணம் சேர்த்தோம். உடுப்பும் சேர்த்தோம். எங்கள் வீட்டிலிருந்தும் மூன்று பெட்டிகள் போயின. இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கின்றது: அவற்றுள் ஒன்றிலே இரண்டு கம்பளிச் சட்டைகள் இருந்தன. கீழ் மாகாணக் கரையில் வியர்வை சிந்தி வாழும் மீனவர் ஒருவர் கம்பளிச் சட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று எங்களுள் ஒருவருமே கேட்கவில்லை. அலுமாரியில் இடம் கிடைத்தது. மனத்துக்கும் ஆறுதல் கிடைத்தது.

இத்தவறு எங்களுடையது மட்டுமன்று. தமிழ்நாட்டுக் கரையோர மாவட்டங்களுக்கும் இந்தியாவின் பல பாகங்களிலிருந்து லொறி லொறியாகப் பழைய உடுப்புகள் வந்திறங்கின. கிழிந்தவையும், அழுக்கானவையும், அக்கரை மக்கள் உடுத்துவதற்கு ஒவ்வாதவையும் அவற்றிலே ஏராளம். உழைத்து உண்டு பழகிய மீனவ மக்கள் பிறர் கழித்துப் போட்ட உடையை வாங்க மறுத்தனர். வீதியோரங்களில் உடுப்புகள் குவிந்து கிடந்தன, கால்நடைகள் அவற்றின்மீது நடந்தன, மழை நனைத்தது. தருமமாக வந்த பொருள் குப்பையாகி, அக்குப்பையை அகற்றும் வேலையும் துயருற்ற ஊர்களின் தலையிலேயே விழுந்தது.

அந்தக் குவியலைக் குப்பையாகக் காணாத ஓர் அமைப்பும் இருந்தது. அன்ஷு குப்தா என்பவர் 1999இல் டில்லியிலே தொடங்கிய 'கூஞ்ச்' என்பதே அது. பழைய துணியைச் சேர்த்து, தரம் பிரித்து, தேவைப்படுவோருக்குப் பொருந்தும் வடிவிலே மாற்றிக் கொடுப்பது அதன் பணி. ஆழிப்பேரலைக்குப் பின் தமிழ்நாட்டில் மீந்து கிடந்த உடுப்புகளை ஏற்றுப் பிரித்தெடுக்கும் பெரும் பணியைக் கூஞ்ச் செய்தது. உடுக்கத்தக்கவை உடுப்பாயின. உடுக்கத் தகாதவை, பைகளாகவும் விரிப்புகளாகவும் உருமாறின. நல்ல பருத்தித் துணி துவைத்து, வெட்டி, மடித்து, வறிய பெண்களுக்கு மாதந்தோறும் வேண்டிய அணையாடையாயிற்று. இந்தக் கடைசிப் பொருளைப் பற்றிப் பொதுவிற் பேச நம்மவர் கூச்சப்படுவர். ஆனால் அனர்த்தம் நிகழ்ந்த ஊருக்குச் சேலையை விட அவசரமாக வேண்டியது அதுவே என்று எண்ணிப் பார்த்தவர் ஒருவராவது இருந்தாரே என்பது எனக்கு வியப்பைத் தருகின்றது. குப்தாவுக்கு 2015இல் ரமோன் மக்சேசே விருது வழங்கப்பட்டது.

இனிச் சுனாமிகாவிடம் வருவோம். புதுச்சேரிக்கு வடக்கே, பெரும்பாலும் விழுப்புரம் மாவட்டத்தினுள் அமைந்திருப்பது ஆரோவில் என்னும் குடியிருப்பு. 1968இல் நிறுவப்பட்ட அங்கு 'உபாசனா' என்ற ஆடை வடிவமைப்புக் கூடத்தை 1997இல் தொடங்கியவர் உமா பிரஜாபதி. பிகாரிலே பிறந்தவர், டில்லியில் ஆடை வடிவமைப்புப் பயின்றவர். பேரலை வந்தபோது ஆரோவிலைச் சூழ்ந்த மீனவக் கிராமங்களும் பாதிக்கப்பட்டன. வள்ளங்களும் வலைகளும் போயின. வலை இல்லாவிட்டால் மீன் இல்லை; மீன் இல்லாவிட்டால் அதனைக் கூடையிலே சுமந்து விற்ற பெண்களுக்கும் தொழில் இல்லை. அதைவிடப் பெரிதாக, கடலைப் பார்க்கவே அஞ்சும் நிலை.

அப்பெண்களுக்கு மன ஆறுதல் அளிக்கும் ஒரு முயற்சியாகவே உபாசனாவின் பணி தொடங்கிற்று. ஓரிடத்தில் கூடியிருந்து, கைக்கு ஒரு வேலை கொடுத்து, பேச விரும்பினாற் பேசவும், விரும்பாவிட்டாற் பேசாதிருக்கவும் வழி செய்வது. ஆடைக் கூடத்தில் எப்பொழுதும் மிகுதியாக இருக்கும் பொருள் எது? வெட்டி எஞ்சிய துண்டுத் துணி. அதனைக் கொண்டு அவர்கள் செய்த சிறு பொம்மையே சுனாமிகா. சுனாமி என்ற சொல்லோடு பெண்பாற் பெயர்களிலே வரும் 'இகா' என்னும் ஈற்றைச் சேர்த்து வைத்த பெயர். அழிவின் பெயரை ஒரு குழந்தையின் பெயராக மாற்றிய துணிவை என்னென்பது! தொடக்கத்தில் எனக்கு அப்பெயர் உறுத்தலாகவே இருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் கையில் அப்பெயருடைய பொம்மையைக் கொடுக்கலாமா என்று எண்ணினேன். ஆனால் அப்பொம்மையைச் செய்தவர்களே அக்கரைத் தாய்மார் அன்றோ? பெயரின்மேல் அவர்களுக்குள்ள உரிமை எனக்கில்லை.

பல நூறு பெண்கள் இப்பொம்மையைச் செய்யப் பயின்றனர். இம்முயற்சியின் சிறப்பான முடிவு, பொம்மையை விற்பதில்லை என்பதாகும். சுனாமிகா அன்பளிப்பாகவே கைமாறிற்று. பெற்றவர் விரும்பினால் நன்கொடை அளிக்கலாம். அந்த நன்கொடையிலிருந்தே செய்தவருக்குக் கூலி சென்றது. பொம்மையோடு அதன் கதையும் பயணம் செய்தது. சிறுவர் நூலாகப் பல மொழிகளிலும் வெளிவந்தது.

விற்றிருக்கலாமே என்று பெற்றோர் சிலர் கேட்கக்கூடும். நானும் கேட்டுப் பார்த்தேன். விற்பனைப் பொருளாகியிருந்தால், அதைவிடப் பளபளப்பான பொம்மையோடு அது கடையிலே போட்டியிட வேண்டும். விலையைக் குறைக்கக் கூலியைக் குறைக்க வேண்டும். துண்டுத் துணி போதாதபோது புதுத்துணி வாங்கி வெட்ட வேண்டும். அன்பளிப்பு என்றதால் இம்மூன்று தொல்லையும் அணுகவில்லை. ஆனால் இம்முறைக்கும் ஒரு பலவீனம் உண்டு. அனர்த்தம் செய்தித்தாளிலிருந்து மறையும்போது நன்கொடையாளரின் நினைவிலிருந்தும் மறைகின்றது. பொம்மை செய்யும் பெண்ணின் அடுப்போ நாள்தோறும் எரிய வேண்டும். அன்பை மட்டும் நம்பி ஒரு கிராமம் நெடுங்காலம் வாழ இயலாது.

இதே காலத்தில் மேல்நாட்டிலே புகழ்பெற்ற வேறொரு பொருளை இங்கு ஒப்புநோக்கலாம். 2004ஆம் ஆண்டு புற்றுநோயாளருக்கான அறநிறுவனம் ஒன்றுக்காக மஞ்சள் நிறச் சிலிக்கன் கைப்பட்டி ஒரு டொலருக்கு விற்கப்பட்டது. கோடிக்கணக்கிலே விற்பனையாயிற்று. உடனே ஒவ்வொரு நற்பணிக்கும் ஒவ்வொரு நிறத்திற் பட்டி கிளம்பிற்று. 2005இல் வறுமை ஒழிப்புக்காக அணியப்பட்ட வெள்ளைப் பட்டிகளிற் சில, தொழிலாளரைச் சரிவர நடத்தாத சீனத் தொழிற்சாலைகளிற் செய்யப்பட்டவை என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. பணம் நல்ல வழிக்கே போனது, ஐயமில்லை. ஆயினும் அணிந்தவர் மணிக்கட்டிலிருந்து இறங்கிய பட்டிகள் மண்ணிலே மக்காமல் இன்னும் எங்கோ கிடக்கின்றன. அறப்பணிக்கு உதவியதாற் சுற்றாடலுக்கும் உதவியதாகாது. இரண்டையும் தனித்தனியே கேட்டுத்தான் அறிய வேண்டும்.

சுனாமிகா செய்த துண்டுத் துணி ஏன் மிஞ்சுகின்றது என்பதையும் மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். தறியிலிருந்து வரும் துணி நீண்ட சதுரமானது. மனித உடலோ வளைவானது. சட்டையின் கழுத்து, அக்குள், தோள் ஆகியவற்றுக்கு வளைவாக வெட்டும்போது, நீங்கள் வட்ட பிஸ்கற்று வெட்டிய மா இடையிடையே மிஞ்சுவதுபோலத் துணியும் மிஞ்சுகின்றது. ஆடைத் தொழிற்சாலைகளில் ஏறத்தாழ 15 விழுக்காடு துணி இவ்வாறு வெட்டும் மேசையிலேயே வீணாவதாகக் கணக்கிடுவர். ஆயிரம் சட்டை தைத்தால் நூற்றைம்பது சட்டைத் துணிக்கு மேல் தரையில்! பருத்தியை விளைவித்த நீரும், நூற்ற மின்சாரமும், சாயமிட்ட உழைப்பும் அதனுடனேயே போகின்றன. இன்றைய வடிவமைப்பாளர் சிலர் கணினியின் துணையோடு ஒரு துண்டும் மிஞ்சாதவாறு ஆடை வெட்டும் முறைகளைத் தேடுகின்றனர்.

அவர்கள் தேடுவது நம் வீட்டு அலுமாரியில் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றது. சேலைக்கும் வேட்டிக்கும் கத்தரி வேண்டியதில்லை. தறியிலிருந்து இறங்கியபடியே உடுக்கலாம். உடுப்பவர் பருத்தாலும் மெலிந்தாலும் அதே சேலை பொருந்தும். மகளுக்கும் பேத்திக்கும் பொருந்தும். நைந்தபின் ஏணை, அதன்பின் தலையணையுறை, அதன்பின் அடுப்படிப் பிடிதுணி. எவரும் இதற்கு வடிவமைப்பு என்று பெயரிடவில்லை.

ஓலையிலும் இதே அறிவைக் காணலாம். யாழ்ப்பாணத்திலே நம் பாட்டிமார் பின்னிய கடகம், பெட்டி, நீத்துப்பெட்டி, சுளகு ஆகியவற்றை உங்கள் தாய்மாரிடம் கேட்டறியுங்கள். மீன் வாங்கச் சந்தைக்குப் போன அப்பு கையிலே பனையோலை உமலைக் கொண்டுபோனார். கூழ் குடிக்க மடித்த பிளாவைக் குடித்து முடித்ததும் எறிந்தார், எறிந்தது எருவாயிற்று. கடகத்தின் விளிம்பு கிழிந்தால் நாரினாற் பொத்திக்கொண்டனர். எஞ்சிய ஓலையைத் தோட்டத்து மண்ணிலே தாழ்த்தனர். இலங்கையிற் பனை அபிவிருத்திச் சபை 1978இல் அமைக்கப்பட்ட பின்னர் இக்கைப்பணிக்குப் பயிற்சியும் சந்தையும் தேடும் முயற்சிகள் நடந்தன. போரிலே துணையை இழந்த பெண்கள் பலருக்கு ஓலை பின்னுதல் ஒரு வருவாயாயிற்று. நம் ஊர்க் கடைகளிற் 'சொப்பிங் பை' வந்த பிறகே உமல் மறைந்தது.

அந்தச் சொப்பிங் பையும் ஒரு சிறந்த வடிவமைப்பே என்றால் வியப்படைவீர்கள். சுவீடன் நாட்டிலே செல்லோபிளாஸ்ற் நிறுவனத்திற் பணியாற்றிய ஸ்டென் குஸ்தாவ் துலின் என்ற பொறியியலாளர் வகுத்த அமைப்பு அது. 1965இல் காப்புரிமை பெற்றது. பொலித்தீன் குழாய் ஒன்றைத் தட்டையாக்கி, மேலும் கீழும் சூடாக்கி ஒட்டி, மேற்புறத்தில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தால் கைப்பிடியோடு கூடிய பை தயார். தையல் இல்லை, பசை இல்லை. சில கிராம் நிறையுள்ள அப்பை பல கிலோ சுமக்கும். கடதாசிப் பைக்காக மரங்கள் வெட்டப்படுவதைத் தவிர்க்கலாம் என்பதும் அவருடைய எண்ணங்களுள் ஒன்று எனவும், தம் தந்தையார் ஒரு பையை மடித்துச் சட்டைப்பையில் எப்பொழுதும் வைத்திருந்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தினார் எனவும் அவருடைய மகன் பின்னாளிலே கூறியிருக்கின்றார். ஆக, ஒரு முறை பிடித்துவிட்டு எறியும் வழக்கம் அவர் வகுத்ததன்று. அது நாமாகப் பழகியது; கடைக்காரர் இலவசமாகக் கொடுத்துப் பழக்கியது.

இன்று சட்டங்கள் வந்துவிட்டன. தமிழ்நாட்டில் ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்ரிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசெம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்ற இயக்கத்தை அரசு தொடங்கிற்று. 2022இல் சென்னைக் கோயம்பேட்டுச் சந்தையிலே பத்து ரூபா இட்டால் மஞ்சட் பை தரும் இயந்திரமும் வைக்கப்பட்டது. ஒருகாலத்தில் மஞ்சட் பையோடு பட்டணத்துக்கு வருபவரை நாட்டுப்புறத்தார் என்று நகைத்தவர்கள் இப்போது அதனைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று! விக்ரோறியாவில் மெல்லிய பிளாஸ்ரிக் பைகள் 2019 நவம்பரிலும், நியூ சவுத் வேல்ஸில் 2022 ஜூனிலும் தடைசெய்யப்பட்டன.

தடை வந்ததும் நாம் துணிப்பைக்குத் தாவினோம். இங்கேதான் மிகக் கவனம் வேண்டும். இங்கிலாந்தின் சுற்றாடல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வொன்று, புதிதாகச் செய்த ஒரு பருத்திப் பையைக் குறைந்தது 131 தடவை பயன்படுத்தினாலன்றி, காலநிலையைப் பொறுத்தவரை அது ஒருமுறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்ரிக் பையிலும் மேலானதாகாது எனக் கணித்தது. வாரம் ஒருமுறை சாமான் வாங்கப் போனால் இரண்டரை ஆண்டு! நம் வீடுகளில் எத்தனை துணிப்பைகள் இருக்கின்றன? சென்ற ஆண்டு நான் எண்ணினேன். கலைவிழாக்களிலும் திருமணங்களிலும் மாநாடுகளிலும் கிடைத்தவையாக இருபத்தேழு. அவற்றிலே ஏழின் மீது 'பசுமை பேணுவோம்' என்ற கருத்துப்பட ஏதோ அச்சிடப்பட்டிருந்தது. அவ்வேழில் ஐந்து மடிப்புக் கலையாதவை. எங்கள் பெயரும் ஆண்டும் பொறித்து நாங்களே ஒரு விழாவிற் பகிர்ந்தவையும் அதில் அடக்கம் என்பதை ஒப்புக்கொள்கின்றேன்.

ஆகவே புதுத்துணியிற் செய்த பைக்கும் வெட்டுத் துண்டிலோ பழந்துணியிலோ செய்த பைக்கும் பெரும் வேறுபாடு உண்டு. பின்னையதற்காகப் புதிதாகப் பருத்தி விளைய வேண்டியதில்லை. உபாசனாக் கூடத்தார் சுனாமிகாவோடு நின்றுவிடாமல், சிறு உறையாக மடிந்து சட்டைப்பையினுள் அடங்கும் துணிப்பை ஒன்றையும் வடிவமைத்தனர். 'சிறு அடிகள்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் அதற்கு. பை வீட்டில் இருந்து பயனில்லை, கடைக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டும் என்ற நடைமுறை அறிவு அதிலே தெரிகின்றது. துலின் தம் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்ததும் இதையேதான்.

நாம் வாழும் இந்நாட்டிலும் இவ்வழியிற் சென்றோர் உளர். 2013இல் குயின்ஸ்லாந்தின் கோல்ட் கோஸ்ற் பகுதியில் பேர்லி ஹெட்ஸ் என்ற கடற்கரை ஊரிலே இரு பெண்கள் 'பூமராங் பைகள்' என்ற முயற்சியைத் தொடங்கினர். பழைய படுக்கை விரிப்பு, திரைச்சீலை, மேசைத்துணி ஆகியவற்றை ஊரவரிடம் பெற்று, தன்னார்வலர் கூடியிருந்து பைகளாகத் தைத்துக் கடைகளில் வைப்பர். பை கொண்டுவர மறந்தவர் ஒன்றை எடுத்துச் சென்று பின்னர் திருப்பித் தரலாம். எறிந்தவரிடமே திரும்பிவரும் ஆதிவாசிகளின் கருவியின் பெயர் பொருத்தமாயிற்று. அம்முயற்சி சிட்னி, மெல்பேண் உட்படப் பல ஊர்களுக்கும் பரவிற்று. தையல் தெரிந்த முதியவர்களும் தெரியாத இளையவர்களும் ஒரே மேசையில் அமர்ந்தது பைகளைவிடப் பெரிய பயன் என்பது என் கருத்து.

அவுஸ்திரேலியாவில் ஆண்டுதோறும் 2 இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட உடுப்புகள் குப்பை மேட்டைச் சேர்கின்றன. நாம் 'ஒப் ஷொப்' வாசலிற் கொண்டுபோய் வைக்கும் மூட்டைகளெல்லாம் ஏழைகளுக்கே போகின்றன என்று எண்ண வேண்டாம். விற்கவோ கொடுக்கவோ இயலாத பொருள்களை அப்புறப்படுத்த அறநிறுவனங்கள் ஆண்டுதோறும் பெருந்தொகை செலவிடுகின்றன. பசித்தவருக்குப் போக வேண்டிய பணம் குப்பை லொறிக்குப் போகின்றது. பூட்டிய கடை வாசலில் இரவிலே இறக்கிவிட்டுப் போகும் உடைந்த கதிரை தருமம் ஆகாது; அது நம் குப்பைக் கட்டணத்தைப் பிறர் தலையில் ஏற்றுவதாகும். நாகப்பட்டினத்து வீதியோரக் குவியல் நம் ஊர்த் தெருமுனையிலும் உண்டு.

மீள்சுழற்சித் தொட்டியில் இட்டுவிட்டால் தீர்ந்தது என்ற நம்பிக்கையையும் சற்றே தளர்த்திக்கொள்வது நல்லது. பெரிய கடைகளின் வாசலில் மென்பிளாஸ்ரிக்கைச் சேர்த்துவந்த திட்டம் 2022 நவம்பரில் நின்றுபோயிற்று. பின்னர் பல களஞ்சியங்களில் ஏறத்தாழ 11,000 தொன் குவிந்து கிடப்பது தெரியவந்தது. பல ஆண்டுகளாகத் துவைத்து உலர்த்திக் கொண்டுபோய்ப் போட்ட தாய்மார் எத்தனை பேர்!

இத்துணை எழுதிவிட்டு ஒரு பையேனும் தைக்கச் சொல்லித் தராவிட்டால் இக்கட்டுரையும் மடிப்புக் கலையாத பையாகவே போய்விடும். ஆகவே செய்முறை ஒன்றைக் கூறுகின்றேன். பெற்றோரின் துணையோடு மாணவர்களும் செய்யலாம்.

உடுக்க இயலாதவாறு நைந்த, ஆனால் பைக்குத் தாங்கக்கூடிய பருத்திச் சேலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டுச் சேலை வேண்டாம். அம்மாவிடம் கேளாமல் எந்தச் சேலையும் வேண்டாம். எழுபதுகளில் வாங்கிய நைலெக்ஸ் சேலை எங்கேனும் எஞ்சியிருந்தால் அதுவும் மரக்கறி வாங்க நன்று, எளிதிற் காயும். சேலை ஐந்தரை மீற்றர் நீளமும் 115 சென்ரிமீற்றர் அகலமும் உடையது என்று வைத்துக்கொள்வோம். நீளவாக்கில் 45 சென்ரிமீற்றருக்கு ஒரு தடவையாகக் குறுக்கே வெட்டினால், ஒவ்வொரு துண்டின் இரு முனைகளிலும் சேலையின் இரு கரைகள் அமையும். துண்டை நடுவிலே மடித்து, இரு பக்கங்களை மட்டும் இரட்டைத் தையலாற் தையுங்கள். மடிப்பே பையின் அடியாகின்றது. ஆகவே பாரம் தாங்கும் இடத்திலே தையல் இல்லை. கரைகள் இரண்டும் பையின் வாயில் வந்து நிற்கின்றன. தறியிலேயே முடிந்த விளிம்பு ஆதலால் நூல் பிரியாது, மடித்துத் தைக்கும் வேலையும் இல்லை. சேலை நெய்தவர் இட்ட கொடியும் மாங்காயும் பைக்கு அலங்காரமாகிவிடுகின்றன. கைப்பிடிக்கு 11 சென்ரிமீற்றர் அகலமும் 57 சென்ரிமீற்றர் நீளமும் உள்ள இரண்டு துண்டுகளை நான்காக மடித்துத் தைத்து, வாயின் உட்புறத்திலே சதுரமாகவும் சதுரத்துக்குள் குறுக்காகவும் தைத்து இறுக்குங்கள்.

இக்கணக்கின்படி ஒரு சேலையில் ஒன்பது பைகளும் அவற்றின் பதினெட்டுக் கைப்பிடிகளும் தேறும். அதற்குச் செலவாகும் துணி 5 மீற்றரும் 4 சென்ரிமீற்றரும். எஞ்சுவது 46 சென்ரிமீற்றர். சுண்டுவிரல் உயரப் பொம்மை சில அதில் வரும். ஆனால் முழுவதையும் பொம்மைக்குக் கொடுத்துவிடாதீர்கள். கைப்பிடி தைத்த மூலைதான் முதலிலே கிழியும். அப்போது ஒட்டுப்போட அதே சேலைத் துணி கையில் இருக்க வேண்டும்.